மேலூரில் கரண்ட் போனால் வளையம் அறுமா?

மதுரை கீழமாசி வீதியில் தலைமைக் கடை, மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் கிளைகள், குடோன்கள் என்று வைத்துக்கொள்வோம். பொது இணையத்தின் வழியாகவே இந்தக் கணினிகளை மறையாக்கத்தோடு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி இணைத்து, தங்களுக்கென்று தனி வலையமைப்பு இருப்பதுபோல ஆக்குவதுதான் விபிஎன். வழக்கமாக நடுவில் ஒரு சர்வர் இருக்கும். அது படுத்தால் எல்லாம் படுக்கும். தானாக ஒழுங்கமையும் விபிஎன்னில் அந்த நடு சர்வரை நம்பி யாரும் இல்லை. கணினிகளே ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன.

தேடுவதற்குப் பல வழிகள் உண்டு. 2001-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘கார்ட்’ முறையில் ஒவ்வொரு கணினிக்கும் ஹாஷ் மூலம், அதாவது அதன் முகவரியைக் கலைத்துப்போட்டு எண்ணாக மாற்றும் ஒரு கணக்கு மூலம், ஒரு எண் கிடைக்கும். எண்கள் வளையமாக நிற்கும். தனக்கு அடுத்த சிலரையும், கால் வளையம், அரை வளையம் தள்ளி இருப்பவர்களையும் ஒவ்வொன்றும் குறித்து வைத்திருக்கும். ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குக் கேட்டுப் போகும் ஒவ்வொரு தாவலிலும் தூரம் பாதியாகக் குறைவதால், 1,024 கணினிகள் இருந்தாலும் சுமார் 10 தாவலில் ஆள் கிடைத்துவிடும்.

சரி, இதைச் சோதிக்க ஆயிரம் கணினி வாங்க முடியுமா? அதற்குத்தான் என்எஸ்-3 போன்ற இலவச சிமுலேட்டர்கள், அதாவது ஒரே கணினிக்குள் முழு வலையமைப்பையும் ஓட்டிக் காட்டும் மென்பொருள்கள். அவற்றின் கடிகாரம் ஓடாது, தாவும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், 460 கி.மீ. தள்ளியுள்ள சென்னைக்கு ஒரு பாக்கெட் (தகவலின் ஒரு சிறு பொட்டலம்) போக, குறைந்தது 2.3 மில்லி விநாடி. ‘பாக்கெட் வந்தது’ என்ற நிகழ்வை அந்த நேரம் போட்டு வரிசையில் வைத்துவிட்டு, கடிகாரம் நேராக அடுத்த நிகழ்வுக்குப் போய்விடும்.

கணினிகள் எப்படிச் சாகின்றன என்பதில்தான் பல சிமுலேஷன்கள் ஏமாற்றுகின்றன. தனித்தனியே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாவதாக எழுதிவிடுகிறார்கள். கரண்ட் என்ன ஒரு கடையில் மட்டுமா போகும்? பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தை நிறுத்தினால் மேலூரே மொத்தமாகப் போகும். அப்போதும் வளையம் தாங்கும், ஏனென்றால் ஹாஷ் ஊர் பார்ப்பதில்லை. மேலூர்க் கணினிகள் வளையம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பாதிக் கணினிகளே போனாலும், அடுத்த 10 பேரைக் குறித்து வைத்திருக்கும் ஒரு கணினிக்கு அந்தப் பத்துமே இல்லாமல் போக ஏறத்தாழ 1,024-ல் ஒரு வாய்ப்புதான். வேகத்துக்காக ஊர்வாரியாக எண் கொடுத்திருந்தால் கதை வேறு: வளையத்தில் ஒரு துண்டே காணாமல் போகும்.

என்னைக் கேட்டால், கரண்ட் திரும்பி வரும் நொடியையும் அவசியம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எழுந்து, தங்களுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு முகவரிகளின் கதவைத் தட்டும், அவை திணறிப்போகும். ஒவ்வொன்றும் தனித்தனியே குலுக்கிப்போட்டு வரும் சில விநாடி காத்திருந்து நுழைந்தால் நெரிசல் தணியும். எத்தனை விநாடி என்பதை மாற்றி மாற்றி ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேலூரில் யார் கடையிலும் விளக்கை அணைக்க வேண்டியதில்லை.