அம்மா ஊரில் இல்லாத நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்யாதீர்கள்

"ரெண்டு லோடு ஆட்டோ, நாலு ஆளு, ஒரே நாள்ல முடிச்சேன் மேடம். ஒன்றரை வருஷம்கூட ஆகல, வீடு மறுபடியும் பழையபடி நிக்குது."

மனநல ஆலோசனைக்காக என்னிடம் வந்து இதைச் சொன்னவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68. (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மார்கழிக் கடைசியில் அம்மாவை மூன்று நாள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவர் ஆள் வைத்து வீட்டைக் காலி செய்திருக்கிறார். செய்தித்தாள், கட்டைப்பை, ஹார்லிக்ஸ் பாட்டில், ஹோட்டல் பார்சல் டப்பா, ஓடாத மிக்ஸி, கிழிந்த பாய். பழைய பேப்பர் கடைக்குப் போனது போக மிச்சம் போகித் தீயில் போனது. சுவருக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, அம்மா வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தார்.

அம்மா வாசலிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் பொங்கல் வைக்கவில்லை. மகனோடு சித்திரை வரைக்கும் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு சேர்ந்த பொருளெல்லாம் முன்பைவிட வேகமாகச் சேர்ந்தது. பின்னறைக்குப் பூட்டு வந்தது. சாவி இடுப்புக்குப் போனது.

"இத்தனைக்கும் எல்லாமே குப்பை மேடம்" என்றார் மகன். முதலில் அந்த வார்த்தையை நிறுத்தச் சொன்னேன்.

இப்படிப் பொருளைச் சேர்த்துக்கொண்டே போய், கழிக்க முடியாமல் தவிக்கிற நோய்க்கு ஆங்கிலத்தில் ஹோர்டிங் டிஸார்டர் என்று பெயர். பதுக்கல் என்று மொழிபெயர்த்தால் நமக்கு ரேஷன் அரிசியும் குடோனும்தான் கண்ணில் வரும். நோயாளியைத் திருடராக்கிவிடுகிற சொல் அது. நான் பொருள் சேர்ப்புக் கோளாறு என்றே சொல்லிவருகிறேன். நீண்ட காலம் இதை ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகத்தான் மருத்துவ உலகம் பார்த்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டில்தான் இதற்குத் தனி இடம் கிடைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் தனி நோயாக இருக்கிறது. ஓசிடி உள்ளவருக்குத் தன் மனதில் திரும்பத் திரும்ப வரும் எண்ணமே தொல்லை. அது போனால் போதும் என்றிருப்பார். இவர்களுக்குப் பொருள் வருவது சந்தோஷம், இருப்பது நிம்மதி. அது போகப்போகிறது என்றால்தான் நெஞ்சு படபடக்கும். அதனால்தான் என்னிடம் முதலில் வருபவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. மகனோ மருமகளோ கணவரோ.

பரணில் பித்தளை அண்டா இருக்கிற வீடெல்லாம் நோயாளி வீடா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ரப்பர் பேண்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி வைப்போம். சிக்கனம் வேறு, இது வேறு. கட்டிலில் படுக்க முடிகிறதா, அடுப்பில் சமைக்க முடிகிறதா, வந்தவரை உட்காரச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். ஓர் அறை எதற்காக இருக்கிறதோ அதற்குப் பயன்படாமல் போய், பொருளைக் கழிப்பதை நினைத்தாலே ஆள் தவித்துப்போனால் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வேறு யாரோ ஓயாமல் ஒதுங்க வைப்பதால் மட்டும் வீடு சுத்தமாக இருந்தாலும் அது இந்த நோய்தான் என்கிறது டிஎஸ்எம்-5. நம் வீடுகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். டீச்சரின் கணவர் மாதம் ஒரு முறை சத்தமில்லாமல் ஒரு மூட்டை கட்டி சைக்கிளில் பேப்பர் கடைக்குக் கொண்டுபோவாராம். அவர் இறந்து இரண்டு வருடத்தில் ஹால் நிறைந்துவிட்டது. "அப்பா போன துக்கத்துல வந்த வியாதி" என்பது மகனின் கணிப்பு. துக்கம் அதைப் பெரிதாக்கியது உண்மை. ஆனால் இந்தப் பழக்கம் பொதுவாகத் தலைகாட்டுவது 11 முதல் 15 வயதுக்குள். வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு வருவது 30களின் நடுவில். டீச்சர் விடுதியில் படிக்கிறபோதே டிரங்க் பெட்டி மூடாதாம், அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவருடைய தாயாரும் அப்படியே. இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நெருங்கிய உறவில் இன்னொருவர் இருப்பார்.

அறுபது வயது வரை ஒழுங்காக இருந்தவர் திடீரென்று சேர்க்க ஆரம்பித்தால் மட்டும் கதை வேறு. அங்கே மறதி நோய் இருக்கலாம், மூளையின் முன்பகுதியில் பாதிப்பு இருக்கலாம். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சோம்பேறித்தனம் என்பதுதான் இவர்கள் மேல் விழுகிற முதல் பழி. டேவிட் டோலின் என்ற உளவியலாளரின் குழு 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, காகிதங்களைக் காட்டி, வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று கேட்டார்கள். சில காகிதங்கள் அவர்கள் வீட்டிலிருந்து வந்தவை, சில யாருடையவோ. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு, அடுத்தவர் காகிதம் என்றால் மூளையின் முடிவெடுக்கும் பகுதிகள் மற்றவர்களைவிட மந்தமாக இருந்தன. தங்களுடையது என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொதித்தன. ஒரு பழைய விளம்பரத் தாளைக் கழிப்பது இவர்களுக்கு, நமக்கு வீடு விற்பது மாதிரி. ஒரு நாளைக்கு நாற்பது வீடு விற்கச் சொன்னால் யாரும் சோர்ந்துதான் போவார்கள்.

அதோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹோமர், லாங்லி காலியர் என்ற சகோதரர்கள் வீடு நிறையப் பொருளோடு அடைந்து கிடந்து 1947இல் இறந்துபோனார்கள். வெளியே எடுத்தது நூறு டன்னுக்கு மேல். தம்பி லாங்லி செய்தித்தாள்களை ஏன் அடுக்கி வைத்தார் தெரியுமா? அண்ணனுக்குக் கண் பார்வை போயிருந்தது. பார்வை திரும்பினால் விட்டுப்போன செய்தியெல்லாம் படிக்க வேண்டுமே என்றுதான். கடைசியில் அந்தக் குவியல் சரிந்துதான் லாங்லி இறந்தார். சோறு கொடுக்க ஆளில்லாமல் ஹோமரும் போய்ச் சேர்ந்தார்.

டீச்சர் வீட்டுக்கு முதல் முறை போனபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை. பக்கவாட்டில்தான் நுழைந்தேன். ஹாலில் ஒற்றையடிப் பாதை. அது சமையலறைக்கும் பாத்ரூமுக்குமாகப் பிரிகிறது. புதுக் கட்டில் மேல் இடுப்பு உயரத்துக்குத் துணியும் பேப்பரும். தூக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. அடுப்பில் ஒரு பர்னர் எரியும். இன்னொன்றின் மேல் பழைய கேலண்டர்கள். "வாம்மா, காபி சாப்பிடு" என்று சொல்லி, எனக்காக ஒரு நாற்காலியில் இருந்த அடுக்கைத் தூக்கி வேறோர் அடுக்கின் மேல் வைத்தார். ஒன்று அங்கிருந்து சரிய, அதை எடுத்து ஜன்னலில் வைத்தார். பிறகு ஜன்னலில் இருந்ததைத் தரையில். நாள் முழுக்க வேலை நடக்கும், வீட்டை விட்டு எதுவும் போகாது. இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இந்த நோய்க்கென்றே ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டி என்ற இரு ஆய்வாளர்களும் அவர்களது குழுவும் உருவாக்கியது. ஒவ்வோர் அறைக்கும் ஒன்பது படம். ஒன்றாவது படம் குவியல் இல்லாத அறை, ஒன்பதாவது கூரை தொடும் குவியல். உங்கள் ஹால் எந்தப் படம் என்று கேட்டால் டீச்சர் மூன்றைத் தொட்டார். மகன் எட்டு என்றார். நான் ஆறு போட்டேன். நான்கைத் தொட்டாலே சிகிச்சை தேவை என்று எடுத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு வாரம் எதையும் வெளியே போடச் சொல்லவில்லை. கேஸ் டியூப் மேல் இருந்த பால் கவர் மூட்டை, மெயின் சுவிட்சை மறைத்த அட்டைப் பெட்டிகள், ராத்திரி பாத்ரூம் போகிற வழி. இவற்றை மட்டும் இடம் மாற்றினோம். இந்த வயதில் தீயும் தடுக்கி விழுவதும்தான் ஆளைக் கொல்லும். பொருள் எத்தனை என்பது அப்புறம்.

அவர் அனுமதி இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது இது. தொழிலுக்கு வந்த புதிதில், வேறொருவர் வீட்டில் பேசிக்கொண்டே ஒரு காய்ந்துபோன பேனாவைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது முதலில் கேட்டது அந்தப் பேனாவைத்தான்.

மூன்றாம் வாரம் ஒரே ஒரு கட்டைப்பையை எடுத்தோம். எந்தப் பை என்று அவர்தான் முடிவு செய்தார். உள்ளே கல்யாணப் பத்திரிகைகள். போட்டோ, கடிதம் போன்ற மனதைப் பிசைகிற பொருளில் தொடங்கவே கூடாது. பத்திரிகை பரவாயில்லை என்று நினைத்தேன். அது அவ்வளவு எளிதாக இல்லை. முதல் பத்திரிகை 1994. மணப்பெண் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். சாப்பாட்டில் என்ன போட்டார்கள் என்பது வரை சொன்னார். பிறகு பத்திரிகையைத் தடவி, "புள்ளையார் இருக்காரே, இவரை எப்படிம்மா குப்பையில போடுறது?" என்றார். நியாயமான கேள்வி. வெளிநாட்டு நூல்களில் இதற்குப் பதில் கிடையாது. பிள்ளையார் படத்தை மட்டும் கத்தரித்து ஒரு உறையில் சேர்ப்பது, மிச்சம் பேப்பர் கடைக்கு என்று முடிவு செய்தோம்.

ஒவ்வொன்றையும் விடுவதற்கு முன் தவிப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொன்னேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குப் போட்டவர், கறாராகவே போட்டார். 1994க்கு 80. நாற்பத்தைந்து நிமிடத்தில் பதினொன்று கழிந்தன. மறுநாள் காலையில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். போனில் அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் கேட்டேன், மற்ற பத்துக்கும் தவிப்பு 20க்குக் கீழே. தவிப்பு தானாக இறங்குகிறது என்பதை நான் வாயால் சொன்னால் பலிக்காது. அவர் தன் கையால் போட்ட மதிப்பெண்ணில் பார்க்க வேண்டும்.

"சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும்னு படிச்சதில்லையா நீ?" என்று ஒரு நாள் என்னையே மடக்கினார். சரி டீச்சர், எத்தனை துரும்பு, எத்தனை பல் என்றேன். சிரித்தார். அன்றைக்குத் தயிர் டப்பாக்கள் எண்பத்திரண்டிலிருந்து பன்னிரண்டாயின. "தூக்கிப் போட்ட மறுநாளே தேவைப்படும்" என்ற பயத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டோம்: எது போனது, பிறகு தேவைப்பட்டதா, தேவைப்பட்டபோது என்ன செய்தார். மூன்று மாதத்தில் ஒரே ஒரு பதிவு, ஒரு மூடி.

உள்ளே வருவதை நிறுத்தாமல் வெளியே அனுப்பிப் பயனில்லை. ஆடித் தள்ளுபடி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் இருவரும் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தோம். ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் முன்னால் இருபது நிமிடம் நின்றார். அந்த ஆசை ஏறி, நின்று, இறங்கும் வரை நானும் கூட நின்றேன். அதுவும் சிகிச்சைதான். கால் வலித்தது.

ஏழாவது மாதம்தான் அந்தப் போகியைப் பற்றிப் பேசினார். செய்தித்தாள், பாட்டில் எதைப் பற்றியும் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்ததாம். அதில் கணவரின் காலி மாத்திரை அட்டைகள், நான்கு வருடத்தவை. "எண்ணிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு வேளைகூட நான் விட்டதில்ல." மாத்திரையைச் சரியாகக் கொடுத்திருந்தால் அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று மகன் எப்போதோ ஒரு கோபத்தில் சொல்லியிருக்கிறார். மகனுக்கு அது நினைவில்லை. அம்மாவின் அனுமதியோடு அவரிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டின்ன நான்தான் மேடம் தீயில போட்டேன்" என்றார்.

மருந்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை இல்லை. ஆனால் இவர்களில் பாதிப் பேர் வரைக்கும் மனச்சோர்வு கூடவே இருக்கும். அதற்கு மனநல மருத்துவர் தரும் மருந்து பலன் கொடுக்கும். முதன்மையான சிகிச்சை டீச்சரோடு செய்ததாக நான் மேலே சொன்ன முறைதான், அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர். மாதக்கணக்கில் ஆகும், பலருக்கு வீடு முழுதும் சரியாகிவிடாது, பாதி சரியாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் போனில் "இன்னைக்கு எவ்வளவு தூக்கிப் போட்டீங்க" என்று கேட்பதை நிறுத்தினாலே எங்கள் வேலை பாதி குறையும். டீச்சரின் மகன் இப்போது கட்டிலில் படுத்தாரா என்று மட்டும் கேட்கிறார். படுக்கிறார். இரண்டாவது பர்னரும் எரிகிறது. படத்தொகுப்பில் ஹாலுக்கு இப்போது நான் மூன்று போடுகிறேன், அவர் இரண்டு என்கிறார்.

பின்னறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.