மாம்பழக் கையோடு சுகர் பார்க்காதீர்கள்

மாம்பழ சீசன் வந்தால் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒரு வகை நோயாளிகள் வருகிறார்கள். சுகர் ஏறி அல்ல, இறங்கி. போன வாரமும் ஓர் அம்மாவை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, மகனையே அடையாளம் தெரியவில்லை. சுகர் 38. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் போனதும் கண் திறந்து, "எதுக்குடா இங்க கூட்டிட்டு வந்த?" என்றார். பேரப்பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்திருக்கிறார், ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. அப்புறம் வீட்டு மீட்டரில் பார்த்தால் 342. பயந்துபோன மகன் வழக்கமான இன்சுலினுக்கு மேல் எட்டு யூனிட் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

"அம்மா கை கழுவினாங்களா?"

"ஸ்பிரிட் போட்டு நல்லாத் துடைச்சேன் டாக்டர்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஸ்பிரிட் கிருமிக்கு. விரலில் ஒட்டிய சர்க்கரையை அது சரியாகக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பழம் உரித்த விரலைத் திரும்பத் திரும்ப ஸ்பிரிட்டால் துடைத்தும் அளவு கூடுதலாகவே வந்ததை ஜப்பானில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கை கழுவியவர்களுக்குத்தான் சரியான அளவு வந்தது.

"கண்ணுக்கே தெரியாத பிசுபிசுப்பு என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது சுமார் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பல ஸ்ட்ரிப்களுக்கு அதைவிடக் குறைவு. சுகர் 100 என்றால், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றால், அந்த ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோகிராம் குளுக்கோஸ். விரலில் இன்னொரு மைக்ரோகிராம் ஒட்டியிருந்தால் மீட்டர் 200 என்று காட்டும். தேன் தொட்ட கை, குழந்தைக்குத் திராட்சை ஊட்டிய கை, எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. லோ சுகரில் கை நடுங்கும்போது குளுக்கோஸ் பவுடரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலில் குத்திப் பார்த்தால் 160 வரலாம். சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவார்கள். உள்ளே உண்மையில் 55 ஆக இருக்கலாம்.

ஆகவே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு மாறும். விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று பிசைந்து பிழியாதீர்கள், கையைக் கீழே தொங்கவிட்டாலே வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். அடுப்பு மேடை, கார் டாஷ்போர்டு இரண்டும் ஸ்ட்ரிப்புக்கு எமன். அப்புறம், கணவனும் மனைவியும் ஒரே லான்செட்டில், அதாவது ஒரே ஊசியில், குத்திக்கொள்வது. "எங்களுக்குள்ள என்ன டாக்டர்" என்று சிரிக்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அந்த வழியில் பரவும். ஆளுக்கொரு குத்தும் கருவி, ஒவ்வொரு முறையும் புது லான்செட்.

லேபில் 150, வீட்டில் 165 என்று சண்டைக்கு வராதீர்கள். தரமான மீட்டரிலேயே 15 சதவீதம் வரை கூடக் குறைய வருவது சர்வதேசத் தரநிலை அனுமதித்ததுதான்.

எதிர்பாராத எண் வந்தால் கை கழுவிவிட்டு வேறு விரலில் இன்னொரு முறை பாருங்கள். ஒரு ஸ்ட்ரிப் வீணானால் ஆகட்டும். இரண்டாவது முறையும் அதே எண் என்றாலும், உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுக்கு மேல் இன்சுலினை நீங்களாகக் கூட்டாதீர்கள். தயவுசெய்து போன் பண்ணிக் கேளுங்கள். நடு ராத்திரியானாலும் பரவாயில்லை.

70-க்குக் கீழே போனால் மட்டும் யாரையும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துக் கை கழுவிவிட்டு மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் திரும்பவும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேராக 108-ஐக் கூப்பிடுங்கள்.