கழுத்தில் அடிபட்டவரின் குரலைக் கவனியுங்கள்

இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவரின் துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால், அது நொடிப்பொழுதில் கழுத்தை இறுக்கி, குரல்வளையின் அடியிலுள்ள வளையக் குருத்தெலும்பிலிருந்து மூச்சுக்குழாய் பிரிந்துபோகும் அளவுக்கு இழுத்துவிடக்கூடும். வெளியிலோ, கன்றிச் சிவந்த ஒரு கோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாமல் இருக்கலாம். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்த நைலான் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தால், பெருகும் இரத்தத்தைக் கண்டு எவரும் தாமதிப்பதில்லை. தோல் கிழியாத உட்காயத்தில்தான், தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, விலைமதிப்பற்ற நேரத்தை இழந்துவிடுகிறார்கள். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக எனக்கு மிகுந்த வேதனை தருவது இந்தத் தாமதமே.

அடிபட்டபின் குரல் கம்மினாலோ, எச்சிலில் இரத்தம் கலந்து வந்தாலோ, மூச்சை இழுக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழுத்துத் தோலைத் தொடும்போது விரலுக்கடியில் நறநறவென்று உணர்ந்தால், கிழிந்த குழாயிலிருந்து காற்று கசிந்து தோலுக்கடியில் பரவுகிறது என்று பொருள். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. கழுத்தைத் திருப்பவோ வளைக்கவோ கூடாது. மூச்சுத் திணறுபவரை வற்புறுத்திப் படுக்க வைக்கவும் கூடாது.

மூச்சுத் திணறும் நோயாளிக்கு வாய்வழியாகக் குழாய் செலுத்துவதே வழக்கம். ஆனால் பாதி கிழிந்த மூச்சுக்குழாயில் அவ்வாறு செய்தால், செலுத்தும் குழாயின் முனை கிழிசல் வழியே வெளியேறிவிடலாம் அல்லது எஞ்சிய பாதியும் அறுந்துவிடலாம் என்பதால், நோயாளி விழித்திருக்கும்போதே கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, காயத்துக்குக் கீழே துளையிடும் ட்ரக்கியாஸ்டமியையே பல நேரங்களில் தேர்ந்தெடுக்கிறோம். கழுத்தில் துளையா என்று உறவினர்கள் கலங்குவது இயல்பு. பெரும்பாலோருக்கு அது தற்காலிகமானதுதான்.

அதன்பின் உள்நோக்கிக் கருவியும் சிடி ஸ்கேனும் காயத்தின் ஆழத்தைக் காட்டும். வீக்கம் மட்டுமே இருந்தால் கண்காணிப்பு போதும். குருத்தெலும்பு விலகி உடைந்திருந்தாலோ, குரல்நாண் கிழிந்திருந்தாலோ, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உட்சவ்வைத் தைத்து, உடைந்த துண்டுகளைச் சிறு தகடுகளால் பொருத்துகிறோம். மூச்சுக்குழாய் முற்றிலும் அறுந்திருந்தால் இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துத் தைக்க வேண்டும். குரல்நாண்களை இயக்கும் நரம்புகள் அந்த இழுவிசையிலேயே சேதமடைந்திருக்கக்கூடும் என்பதால், குழாய் நன்றாக ஆறிய பின்னும் சிலருக்குக் குரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

சரியான நேரத்தில் சீராக்கப்படாத காயம் தழும்பாகிச் சுருங்கும்போது, வாரங்கள் கழித்து இளைப்பு தொடங்கும். அதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலர் பயன்படுத்துவோர் உண்டு. ஆகவே பழைய கழுத்துக் காயத்தை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். சுருங்கிய பகுதியை வெட்டியெடுத்து முனைகளை இணைக்கும் அறுவை சிகிச்சையில், தையல்மீது இழுவை விழாதிருக்க, முகவாயை மார்புத் தோலுடன் சேர்த்துத் தைத்து ஏறத்தாழ ஒரு வாரம் தலையைக் குனிந்த நிலையிலேயே வைத்திருப்போம். அந்த நாட்களில் நோயாளி தலையை நிமிர்த்தாமல் பார்த்துக்கொள்ள, உடனிருக்கும் குடும்பத்தாரின் துணை எங்களுக்குத் தேவை.