பார்த்தால் வெளுப்பு, வாயில் வைத்தால் துவர்ப்பு

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைக்குக் கீழே பியட்மான்ட் என்றொரு பகுதி. அங்கே பரோலோ என்ற ஊரின் பெயரிலேயே ஒரு சிவப்பு ஒயின் இருக்கிறது. கோப்பையில் ஊற்றினால் பின்னால் பிடித்திருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு வெளிறிய சிவப்பு, நாலு முறை துவைத்துச் சாயம் போன சேலை மாதிரி. சரி, லேசான சரக்குதான் போல என்று ஒரு வாய் குடித்தால், பச்சைப் பாக்கைக் கடித்தது போல ஈறு, கன்னம், நாக்கு எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். சிவப்பு ஒயினுக்கு நிறத்தைத் தருவது திராட்சைத் தோல், துவர்ப்பைத் தருவது அதே தோலும் கொட்டையும். அப்படியானால் ஒன்று குறைவாகவும் இன்னொன்று ஏராளமாகவும் எப்படி வருகிறது?

காரணம் நெப்பியோலோ என்ற திராட்சை. பரோலோவும் பக்கத்து ஊரான பார்பரெஸ்கோவின் ஒயினும் முழுக்க முழுக்க இதிலிருந்துதான். இத்தாலிய மொழியில் 'நெப்பியா' என்றால் மூடுபனி. அந்த ஊர்களைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் இது பறிக்கப்படும் அக்டோபர் மாதத்தில் பள்ளத்தாக்கெல்லாம் பனி மூடிக் கிடக்கும் என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல இருக்கும் மெழுகுப் படலம்தான் காரணம் என்பவர்களும் உண்டு. எப்படியோ, துளிர்ப்பதில் முந்தி, பழுப்பதில் பிந்தி என்று விவசாயியை இரண்டு பக்கமும் பாடாய்ப் படுத்தும் கொடி இது. அதனால் தெற்கு பார்த்த, வெயில் நன்றாக விழும் சரிவுகளை இதற்கு ஒதுக்கிவிட்டு, சீக்கிரம் பழுக்கும் தோல்செத்தோ என்ற வேறொரு திராட்சையைக் குளிர்ந்த இடங்களில் நடுகிறார்கள்.

இப்போது நிறத்துக்கு வருவோம். கருந்திராட்சைத் தோலின் சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர், அதில் பல வகை. பெரும்பாலான சிவப்பு ஒயின் திராட்சைகளில் மால்விடின் வகைதான் அதிகம், அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். நெப்பியோலோவில் மொத்தச் சாயமே குறைவு, அதிலும் பியோனிடின், சயனிடின் வகைகளுக்குப் பங்கு அதிகம். இவை காற்று பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். நொதிப்பின் முதல் சில நாட்களிலேயே சாற்றில் இறங்கி, அப்போதே கொஞ்சம் வீணாகியும் விடும்.

துவர்ப்பைத் தரும் டானின் நேர்மாறு, அது அவசரப்படாது. குறிப்பாகக் கொட்டையில் இருப்பது நன்றாகக் கரைய ஆல்கஹாலும் நாட்களும் வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்க ஆக்கத்தான் அது வெளியே வரும். பழைய பாணி பரோலோக்காரர்கள் தோலையும் கொட்டையையும் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும்கூட சாற்றிலேயே ஊறவிடுவார்கள். அத்தனை நாள் ஊறியும் நிறம் கூடாது, துவர்ப்புதான் ஏறிக்கொண்டே போகும்.

துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். உடலியல்காரர்களோ அதை நாக்கின் சுவை மொட்டுகளின் கணக்கில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, தொடுவுணர்வு என்கிறார்கள். உமிழ்நீரில் சில புரதங்கள் வாய்க்கு எண்ணெய் போட்ட மாதிரி வழவழப்பைக் கொடுக்கின்றன. டானின் அவற்றைக் கட்டிப் பிடித்துத் திரித்துவிடுகிறது. வழவழப்பு போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன, அந்த உரசலைத்தான் நாம் துவர்ப்பு என்கிறோம். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நடப்பதும் இதேதான். கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் வைத்துத் தோல் பதனிடுவதும் இதே குணத்தை நம்பித்தான்: தோலில் இருக்கும் புரதத்தை டானின் கட்டுகிறது. ஒயினில் இன்னொரு வம்பு, இரண்டாவது வாய் முதல் வாயைவிட அதிகமாகத் துவர்க்கும், ஏனென்றால் புது உமிழ்நீர் ஊறி வரும் முன்பே அடுத்த டானின் வந்து இறங்கிவிடுகிறது.

கடுப்பான டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதல்லவா, பாலின் கேசின் புரதம் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பியட்மான்ட்காரர்கள் பரோலோவை மாட்டிறைச்சியோடும் முற்றிய பாலாடைக்கட்டியோடும் குடிப்பதில் இந்த வேதியியல் ஒளிந்திருக்கிறது. அதே ஒயினிலேயே இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரசாத்தோ அவர்களுடைய ஊர்ச் சமையல். வெறும் வயிற்றில் தனியாகக் குடித்துவிட்டுப் பரோலோ கரடுமுரடு என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

காத்திருப்பது இன்னொரு வழி. பரோலோ என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் என்பது சட்டம். ரிசர்வா என்ற, இன்னும் நீண்ட நாள் வைத்திருக்கும் வகை என்றால் 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம் போதும். மரத்தின் வழியே துளித்துளியாகக் கசியும் ஆக்சிஜனில் டானின்கள் தங்களுக்குள்ளும் மிச்சமிருக்கும் சாயத்தோடும் கைகோர்த்து நீளமான சங்கிலிகளாகின்றன. ஒயினின் புளிப்பில் சில சங்கிலிகள் அறுந்து மறுபடி வேறு மாதிரி சேர்வதும் உண்டு. நிறம் செங்கல் நிறத்துக்கு மாறும், துவர்ப்பு மெல்ல மழுங்கும், ரோஜாவும் தாரும் கலந்த மாதிரி ஒரு வாசனை மேலே வரும். சாலை போடும் அதே தார்தான், எழுத்துப் பிழை இல்லை.

இவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்று 1980களில் ஓர் இளைய கூட்டம் கிளம்பி, ஊறவிடும் நாட்களைக் குறைத்தது, பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய பீப்பாய்களை ஒதுக்கிவிட்டு 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தது. பெரியவர்கள் கொதித்தார்கள். இன்றும் அதைப் 'பரோலோ போர்' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் பாதிப் பாதி இறங்கிவந்துவிட்டது.

அதே ஊர்க்காரர்கள் தினப்படி சாப்பாட்டோடு குடிப்பது பெரும்பாலும் பார்பெரா, தோல்செத்தோ என்ற திராட்சைகளின் ஒயின்கள்தான். பார்பெராவில் நிறம் அடர்த்தி, புளிப்பும் தூக்கல், டானின் மட்டும் குறைவு, அதாவது நிறத்திலும் துவர்ப்பிலும் நெப்பியோலோவைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

இருபது வருடப் பரோலோவைத் திறப்பவர்கள் முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் ஆடாமல் அசையாமல் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கழுத்தருகே கலங்கல் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அடியில் தங்கும் அந்தக் கருஞ்சிவப்பு வண்டலில் ஒரு பங்கு, ஒரு காலத்தில் வாயை இழுத்துப் பிடித்த அதே டானின்தான்.