பாயின்ட் 22 சுடப் போகிறீர்களா? காதைக் கொஞ்சம் காட்டுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் செவித்திறன் சோதனைக்கு வருகிறவர்கள் யார் என்று பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கமே காலம் கழித்தவர்கள், புல் வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள், உறுமி மேளக்காரர்கள். இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்து, படித்து, நல்ல வேலையில் இருப்பவர்கள். வாரக்கடைசியில் வெளியூர்ச் சுடுதளத்துக்குப் போய்க் குறிபார்த்துச் சுடுகிறவர்கள். இவர்கள் காதுக்காக வருவதில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியதால் வருகிறார்கள். “டிவி சத்தம் ஜாஸ்தி வைக்கிறேன்னு ஏசறாங்க மிஸ்” என்று ஆரம்பிப்பார்கள். என்ன துப்பாக்கி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “சும்மா பாயின்ட் டூ டூதான் மிஸ். பட்டாசு மாதிரி.” .22 அங்குலக் குழலுள்ள சின்னத் துப்பாக்கியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பட்டாசு மாதிரி என்பது சரிதான். பட்டாசும் காதைக் கெடுக்கும்.

அந்த விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. சுடுகிறவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது முகத்தில் தெரியும் சந்தோஷம் எனக்குப் பிடிக்கும். பாயின்ட் 22 லாங் ரைபிள் என்ற தோட்டா 1887இல் வந்தது. இன்றுவரை ஓய்வு பெறவில்லை. குண்டின் எடை ஏறக்குறைய இரண்டரை கிராம். தோளில் உதைப்பது தெரியவே தெரியாது. தோட்டா விலையும் பெரிய துப்பாக்கிகளைவிடக் குறைவு. 50 மீட்டர் ரைபிள் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவுதான். மூச்சை அடக்கி அதைத் துளைப்பதில் ஒரு தியானம் இருக்கிறது என்கிறார்கள். நம்புகிறேன்.

பிரச்சினை அந்த மென்மையில்தான் இருக்கிறது. உதை இல்லாததால் தோள் ‘இது சின்னது’ என்று சொல்கிறது, காதும் அதை நம்பிவிடுகிறது. பெரிய துப்பாக்கி என்றால் முதல் குண்டிலேயே உடம்பு பயந்து, அடுத்ததற்கு முன் கை தானாகக் காதுக் கவசத்தைத் தேடும். பாயின்ட் 22இல் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஆனால் நீளக் குழல் ரைபிளின் சத்தமே உச்சத்தில் 140 டெசிபலை ஒட்டி நிற்கிறது. கைத்துப்பாக்கியில் குழல் குட்டை, வெடிப்பு முகத்துக்குப் பக்கத்தில். அதைவிட 10 டெசிபல் கூடவும் போகும். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டுத் தொழிலிடச் சத்த விதிமுறைகளில் எந்தத் தொழிலாளியும் ஒரு நொடிகூடத் தாண்டக்கூடாத உச்ச வரம்பு இதே 140தான். பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 120. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆலையில் நிற்பவருக்குச் சட்டம் தராத சத்தத்தை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

உள்காதில் சத்தத்தை நரம்புக்கு மாற்றித் தருபவை மயிரணுக்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. போனால் மறுபடி முளைக்காது. ஆலைச் சத்தம் அவற்றை வருஷக்கணக்கில் தேய்க்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நொடியில் ஒரு துளி நேரம் போதும். முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய உயர்சுருதிப் பகுதி. சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ரைபிள்காரர்களின் தாளில் இன்னொன்றையும் பார்ப்பேன்: வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காது மோசமாக இருக்கும். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்க்கும்போது இடது காது குழல் முனைப் பக்கம் திரும்பிவிடுகிறது. வலது காதுக்குத் தலையே மறைப்பு. தாளைப் பார்த்துவிட்டு “நீங்க வலது கை ஆள்தானே?” என்று கேட்டால், எப்படித் தெரியும் என்பது போல் பார்ப்பார்கள்.

இந்தப் பள்ளம் விழுந்தவருக்குச் சத்தம் கேட்கும், பேச்சுத்தான் புரியாது. படி, கடி, தடி எல்லாம் ஒன்றாகிவிடும். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவைத்து, வீட்டுக்கு வந்த பிறகு என்ன விஷயம் என்று மனைவியிடம் கேட்பார். ராத்திரி அறை அமைதியானதும் காதுக்குள் சில்வண்டு ஒன்று கத்த ஆரம்பிக்கும். அதை நிறுத்த என்னிடம் மருந்து இல்லை. பழகிக்கொள்ளத்தான் சொல்லித்தர முடியும்.

இனி கவசம். கடையில் வாங்கும் நுரை அடைப்பானை முக்கால்வாசிப் பேர் காது வாசலில் ஒட்டிவைக்கிறார்கள். அது காதணி, கவசம் இல்லை. விரல்களால் இறுக்கி ஊசி போல உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதுமடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்து, உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். பாக்கெட்டில் 30 டெசிபல் குறையும் என்று போட்டிருந்தால் பாதிதான் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். அதன் மேல் காதுக் கவசத்தையும் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நல்லது எதுவோ அதற்கு மேல் ஒரு 5 முதல் 10 டெசிபல் கூடும், அவ்வளவுதான். அந்த 5 டெசிபலும் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியின் காம்பு கவசத்தின் மெத்தையைத் தூக்கி இடைவெளி விடும், அதனால் மெல்லிய காம்புள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடியே வேண்டாம் என்று கழற்றிவிடாதீர்கள். இந்தத் தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்புக்குள் இருக்கிறது, விளிம்பு கிழிந்தால் சூடான வாயுவும் துகளும் முகத்துக்கு வரும். காதில் பஞ்சு வைத்தால் போதுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

காது கெடுவது தன் துப்பாக்கியால் மட்டும் அல்ல, பக்கத்து ஆள் துப்பாக்கியாலும்தான். தான் சுடும்போது பலரும் மறக்காமல் கவசத்தை மாட்டிவிடுகிறார்கள். பேச வேண்டும், சுடுதள அதிகாரியின் கட்டளை கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கும் நேரத்தில்தான் பக்கத்து வரிசையில் ‘டப்’. கூரை போட்ட சுடுதளம் என்றால் எதிரொலியும் சேரும். இதற்காகவே மின்னணுக் காதுக் கவசம் வந்திருக்கிறது. பேச்சைப் பெரிதாக்கிக் கொடுத்து, வெடிச் சத்தத்தை மட்டும் அடக்கும். விலை கூடத்தான். ஆனால் ‘நிறுத்து’ என்ற கட்டளையைக் கேட்க முடிவது வெறும் வசதி இல்லை, பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. வழக்கத்தைவிட மெலிந்த ‘புஸ்’ சத்தம் வந்தால் குண்டு குழலிலேயே மாட்டியிருக்கலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுடுவது எவ்வளவு ஆபத்து என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருப்பார்.

புள்ளி ஏறவில்லை என்று குறைபடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விசையை இழுக்கும் நொடிக்கு முன் கண் மூடி, தோள் சுருங்குகிறதா? உதையே இல்லாத துப்பாக்கியில் அந்தப் பயம் சத்தத்தால் வந்தது. இரட்டைக் கவசத்தோடு சில வாரம் சுட்டால் பலருக்கு அது தணிந்துவிடுகிறது. தோட்டாவிலும் கவனம் வையுங்கள். அதிவேகத் தோட்டா ஒலியின் வேகத்தை, அதாவது நம் வெயிலில் நொடிக்குச் சுமார் 349 மீட்டரை, தாண்டுவதால் காற்றிலும் தனியாக ஒரு வெடிப்பு எழும். சாதாரண வேகத் தோட்டாவில் அது இல்லை. அட்டைக்குச் சுடுகிறவர்கள் விரும்புவதும் அதைத்தான்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அப்பாமார்களே, பெரியவர்கள் கவசம் சின்னத் தலையில் நிற்காது, அளவு பார்த்து வாங்குங்கள். முதல் நாள் பத்துப் பதினைந்து குண்டு போதும். இன்னும் சுடலாம் என்று பிள்ளை அழும்போதே கிளம்புங்கள். காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பிப்பது இன்னும் நல்லது, ஆனால் அதற்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். தோட்டத்துக்குள் குரங்கு விரட்ட எடுத்துப் போகும் சாமான் இல்லை அது. (சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்க விடாதீர்கள். தோட்டாவிலிருந்து கையில் ஒட்டும் ஈயம் என் துறை இல்லை, ஆனாலும் தாய்மனது.)

சுட்ட பிறகு காது அடைத்தாலோ இரைந்தாலோ, மறுநாளும் அது நிற்காவிட்டால் வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் என்னிடம்கூட வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பார்க்கக் கேளுங்கள். அந்தச் சிகிச்சைக்கு நாள் முக்கியம். ஒன்றும் இல்லாதவர்களும் கிளப்பில் சேரும்போதே ஒருமுறை சோதித்துத் தாளைப் பத்திரப்படுத்தினால், பின்னால் ஒப்பிட வசதி. 3,000, 6,000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில இடங்களில் விட்டுவிடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் சுட்டுவிட்டுத் திங்கள் காலையில் வந்து நிற்காதீர்கள். களைத்த காது மோசமாகத்தான் காட்டும். செவ்வாய்க்கிழமை வாருங்கள், திங்களன்று புல் மிஷினையும் தொடாமல்.