அலசித்தா: ‘வாங்கிக்கொள்’ என்று அழைக்கும் திருவிழா

பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரி 24 அன்று தொடங்கும் விழா அலசித்தா. ஆண்டெஸ் மலைநாட்டு மக்கள் பேசும் அயிமாரா மொழிச் சொல் இது. தமிழில் உள்ள ‘அலசு’ என்பதோடு இதற்கு உறவு எதுவும் இல்லை.

சொல்லைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் நமக்கு வியப்பு. ‘அல’ என்றால் வாங்கு. அதனுடன் ‘சி’ சேர்ந்தால் தனக்கென வாங்குவது. ‘வாங்கிக்கொள்’ என்பதில் நம்முடைய ‘கொள்’ செய்கிற வேலையை அங்கே ‘சி’ செய்கிறது! இறுதியில் வரும் ‘இத்தா’ ஏவல் ஈறு. பேசுபவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, ‘என்னிடம் வாங்கிக்கொள்’. ‘என்னை வாங்கிக்கொள்’ என்றும் பொருள் சொல்வார்கள். கடைக்காரர் கூவுவதாகவும் கொள்ளலாம், கடையிலிருக்கும் பொருளே கூப்பிடுவதாகவும் கொள்ளலாம். எனக்குப் பின்னதே பிடித்திருக்கிறது.

காரணம், அங்கே விற்பவை அப்படி. உள்ளங்கையில் அடங்கும் வீடு, விரல் நீளப் பஸ், அரிசி மூட்டை, பயணப்பெட்டி, பட்டச் சான்றிதழ், கட்டுக் கட்டாகக் குட்டிப் பணத்தாள். துணை தேடுபவருக்குச் சேவலோ கோழியோ. எது வேண்டுமோ அதன் சிற்றுருவைச் சரியாக நண்பகலில் வாங்க வேண்டும். யாத்திரி எனப்படும் அயிமாரா பூசகர் அதைச் சாம்பிராணிப் புகையில் காட்டி, மது தெளித்து, பூவிதழ் தூவித் தருவார். பலர் அதே கையோடு தேவாலயத்துக்கும் போய்ப் பாதிரியாரிடம் ஆசி பெறுவார்கள். வீட்டில் வளத்தின் தெய்வமான எக்கேக்கோ காத்திருப்பார்: மீசை வைத்த குள்ள உருவம், விரித்த கைகள், உடலெங்கும் மூட்டைகள். அவர் வாயில் சிகரெட்டைப் பற்றவைத்து வைப்பதும் வழிபாட்டில் சேர்த்தி.

இந்தச் சடங்குப் பயணங்களை யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தமிழில் என்ன சொல்வது? ‘பொம்மைத் திருவிழா’ என்பது பொருந்தாது. அவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. நம் கோயில்களில் நேர்ந்து செலுத்தும் ‘உருவாரம்’ நெருங்கி வருகிறது. ஆனால் உருவாரம் சாமிக்குப் போவது, இது வீட்டுக்கு வருவது. பிள்ளை வரம் வேண்டி மரத்தில் கட்டும் தொட்டிலில்தான் அதே ஏக்கத்தைப் பார்க்கிறேன். பெயரை அலசித்தா என்றே வைத்துக்கொண்டு, விளக்கம் வேண்டிய இடத்தில் ‘சிற்றுருச் சந்தை’ என்று எழுதலாம். சொல்லுக்கு நேர்பொருள் மட்டும் கேட்டால், ‘வாங்கிக்கொள்’.