ஓடாத மீன் ஏன் ஓடவில்லை?

நீலவளைய ஆக்டோபஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சிரிக்கும் காணொளி ஒன்று சுற்றுக்கு வராத சீசனே கிடையாது. இந்த சீசனிலும் வந்தாயிற்று. கீழே வரிசையாக இதயங்கள். "ஐயோ, அதைக் கீழே விடுங்க" என்று எழுதிய நாலு பேரைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்யும் பதில்கள் வேறு. கோல்ஃப் பந்து அளவுதான் அந்தப் பிராணி. அதன் எச்சிலில் இருப்பது டெட்ரோடோடாக்சின், பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. மாற்று மருந்து கிடையாது. கையில் வைத்திருந்தவர் பிழைத்ததற்கு அவருடைய தைரியம் காரணமில்லை. ஆக்டோபஸுக்கு அன்று கடிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டைவிங் போட்டில் ஏறுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "சுறா இருக்குமா?" என்பதுதான். அந்தமானில் கேட்பார்கள், தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் கேட்பார்கள், மலேசியாவின் சிபாடானில் கேட்பார்கள். இருக்கும். வெண்முனைச் சுறா மணலில் படுத்துக் கிடக்கும், நெருங்கினால் எழுந்து போய்விடும். ஆனால் ஐந்து நிமிடம் கழித்து எந்தக் கல்லின் மேல் முழங்காலை ஊன்றப்போகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீங்கிய கையோடு ஏணியில் ஏறி வருகிறவரிடம் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் 'கல்'தான்.

"அது பாட்டுக்கு அசையாமல் இருந்தது, ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன்." டைவ் கைடாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இன்னொரு முறை, நிதானமாகச் சொல்கிறேன். பவளப்பாறை என்பது ஒன்றையொன்று தின்று வாழும் இடம். அங்கே ஒரு சாண் மீனுக்குப் பெரிய உருவம் எது வந்தாலும் ஓடுவதுதான் பிழைப்பு. கோமாளி மீன் கடல்சாமந்திக்குள் புகுந்துகொள்ளும், சின்ன மீன்கூட்டம் பாறை இடுக்கில் பாயும், பெரிய களவா மீன்கூடப் பொந்துக்குள் பின்வாங்கும். நீங்களோ களவாவைவிடப் பெரிய ஆள். குமிழி விட்டுக்கொண்டு, உலோகச் சத்தம் போட்டுக்கொண்டு, கண்ணாடி முகத்தோடு வருகிறீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் முழங்கை தூரத்துக்கு வந்த பிறகும் ஒரு பிராணி இடத்தைவிட்டு நகரவில்லை என்றால், அதற்கு ஓடவேண்டிய அவசியம் இல்லை என்று பொருள். உங்களை அதற்குப் பிடித்துவிட்டது என்று பொருளில்லை. பழகிவிட்டது என்றும் இல்லை, தூங்குகிறது என்றும் இல்லை. தான் கண்ணில் படவில்லை என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது, அல்லது தொட்டவன் வருந்துவான் என்பதால் கவலையில்லாமல் இருக்கிறது. கல்மீனுக்கு இரண்டும் பொருந்தும்.

கல்மீனைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் மீனே தெரியாது. பாசி படிந்த, பக்கத்தில் கிடக்கும் உடைந்த பவளத்தின் அதே நிறத்தில் ஒரு கட்டி. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் மேல்நோக்கித் திறக்கும் வாயின் வளைந்த கோடு பிடிபடும். பிறகு, மிளகு மாதிரி ஒரு கண். முதுகில் 13 முட்கள், தோலுக்குள் மடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு முள்ளின் பக்கத்திலும் நஞ்சுப் பை. அந்த மீன் யாரையும் துரத்திக் குத்துவதில்லை. உங்கள் எடை அழுத்துகிறது, பை பிதுங்குகிறது, நஞ்சு ஏறுகிறது. டைவர்கள் போடும் மெல்லிய ரப்பர் காலணியின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு போகும் முள் அது. கடல் வற்றிய நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நடந்து டைவுக்குப் போகும் இடங்களில் இதை நினைவில் வையுங்கள்.

இந்தோனேசியாவின் லெம்பே நீரிணை, பிலிப்பைன்ஸின் அனிலாவ் போன்ற இடங்களுக்கு மக் டைவிங் (சேற்றுத் தரையில் சின்னப் பிராணிகளைத் தேடும் டைவ்) போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த டைவ்களில் பவளச் சுவர் இருக்காது. சேறும் மணலும்தான், லெம்பேயில் எரிமலையின் கறுப்பு மணல். அங்கு பார்க்கவேண்டியதெல்லாம் தரையில் இருக்கிறது, அதில் பாதி முள்ளோடு இருக்கிறது. தேள்மீன்கள் மணலுக்குள் கண்ணை மட்டும் நீட்டிப் புதைந்திருக்கும். கேமராவை நிலையாகப் பிடிக்க இடது கையை ஊன்றும் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரவு டைவில் சிங்கமீன் உங்கள் டார்ச் வெளிச்சத்தில் வேட்டையாடக் கற்றுக்கொண்டுவிட்டது, காலருகில் கூடவே வரும். பார்க்காமல் பின்னால் நகராதீர்கள்.

இப்போது அந்த ஆக்டோபஸுக்கே வருகிறேன். சும்மா இருக்கும்போது அது மங்கலான மஞ்சள் பழுப்பு, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தொல்லை கொடுத்தால்தான் வளையங்கள் நீலமாக மின்னும். அதாவது, எல்லோரும் 'அழகு' என்று கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகிற அந்த நொடிதான் அது "தள்ளிப் போ" என்று கத்துகிற நொடி. கடி வலிக்காது, பலருக்குக் கடித்ததே தெரியாது. சில நிமிடங்களில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத்தசைகள் நின்றுபோகும்.

கூம்புச் சங்கு இன்னும் மோசம், ஏனென்றால் அது பிராணி மாதிரியே தெரியாது. பழுப்பு வலைக்கோலம் போட்ட அழகான சங்கு. "அகலமான பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் கைடுகள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. அதன் குழல் நீண்டு வளைந்து சங்கின் எந்தப் பகுதியையும் எட்டும், நுனியில் ஈட்டி மாதிரி ஒரு பல், அது கையுறையையும் துளைக்கும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில். கையுறை கொடுப்பது தைரியம் மட்டும்தான், அதனால்தான் பல கடல் பூங்காக்களில் அதற்குத் தடை.

கடல்பாம்பு பற்றிய பழைய கதையையும் இத்தோடு புதைத்துவிடலாம். "வாய் சின்னது, விரலிடுக்கைத்தான் கடிக்க முடியும்." இல்லை. முன்பல்லில் நஞ்சுள்ள, நாகப்பாம்புக் குடும்பத்துப் பாம்பு அது. தொடையைக்கூடக் கடிக்கும் அளவுக்கு வாய் திறக்கும். டைவர்களைப் பெரும்பாலும் அது கண்டுகொள்வதில்லை என்பது உண்மை. வலை இழுக்கும் மீனவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. ஆனால் வாலைப் பிடித்து இழுத்துப் படமெடுக்கும் மேதாவிகளுக்கு அந்தப் பெருந்தன்மை செல்லாது. கடி வலிக்காமலே இருக்கலாம். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், பிறகு சிறுநீர் பழுப்பாகப் போகும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நான்கு தரைப்பாம்புகளை வைத்துத் தயாரிப்பது, கடல்பாம்புக்கு அதை நம்ப முடியாது.

துரத்துகிற மீன் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது டைட்டன் கிளாத்தி. முக்கால் மீட்டர் வரை வளரும், கூடு காக்கும் காலத்தில் கடிக்கும். முதுகுமுள்ளைத் தூக்கினால் முதல் எச்சரிக்கை. அதன் எல்லை கூட்டிலிருந்து மேலே போகப்போக விரியும் புனல் வடிவம். எனவே மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்தால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) அதன் பக்கம் நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் விலகுங்கள்.

இதையெல்லாம் பெயர் பெயராக மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. தண்ணீருக்குள் மிதக்கும் சமநிலையைச் சரிசெய்தால் முக்கால் பிரச்சினை தீர்ந்தது. ஈய எடை அதிகம் போட்டவர்தான் தரையில் மண்டியிடுகிறார். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் மிச்சமிருக்கும்போது, பி.சி.டி.யில் (மிதப்பதற்குக் காற்றடைக்கும் சட்டையில்) காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு நீர்ப்பரப்பில் அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்கவேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக அமிழவேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் சுவாசித்துத் தீர்க்கும் காற்றுக்கும் எடை உண்டு. ஃபின்னை மேலும் கீழும் அடிக்காமல் தவளை மாதிரி உதையுங்கள். பிடித்தே ஆகவேண்டிய நீரோட்டமென்றால், முதலில் பாருங்கள், பிறகு உயிரில்லாத பாறையில் ஒரே ஒரு விரல்.

குத்திவிட்டது. என்ன செய்வது?

முதல் வேலை காயமல்ல. 18 மீட்டர் ஆழத்தில் கல்மீன் முள் ஏறினால் வரும் வலியில் ஆள் மேல்நோக்கிப் பாய்வார், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. நுரையீரல் கிழிவது அங்கேதான். முள் கொல்லாத ஆளை இந்தப் பாய்ச்சல் கொன்றுவிடும். கூட்டாளி அவருடைய பி.சி.டி.யைப் பிடித்துக்கொண்டு, மூச்சை விடச் சொல்லி, நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏற்றவேண்டும். ரத்தம் பெருகினாலோ, ஆக்டோபஸ் கடியோ பாம்புக்கடியோ சந்தேகம் இருந்தாலோ 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறும் சேஃப்டி ஸ்டாப்பை விட்டுவிடலாம். ஏறும் வேகத்தை மட்டும் விடக்கூடாது.

போட்டில் ஏறிய பிறகு கேள்வி ஒன்றுதான்: வலிக்கிறதா, மரத்துப்போகிறதா?

கல்மீன், தேள்மீன், சிங்கமீன், திருக்கை, கடல் முள்ளெலி எல்லாம் வலிப்பவை. இவற்றுக்குச் சுடுநீர். 45 டிகிரிக்கு மேல் வேண்டாம், 30 முதல் 90 நிமிடம் வரை ஊறவிடலாம், ஆறினால் மாற்றுங்கள். குத்துப்பட்ட கையால் சூடு பார்க்காதீர்கள், அதற்கு எது சூடு என்று தெரியாது. வெந்துபோன கையோடு மருத்துவமனைக்கு வருவது அப்படித்தான். அவருடைய மறு கையால் பாருங்கள். வெளியே தெரியும் முள்ளை மட்டும் இடுக்கியால் எடுங்கள். முள்ளெலி முள்ளை பாட்டிலால் தட்டிப் பொடியாக்கும் போட் வைத்தியம் வேண்டவே வேண்டாம். திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ நின்றால் இழுக்காதீர்கள், அப்படியே அசையாமல் கட்டிக் கொண்டுபோங்கள். இவற்றுக்கு இறுக்கக் கட்டுப் போடக்கூடாது.

நீலவளைய ஆக்டோபஸ், கூம்புச் சங்கு, கடல்பாம்பு இவை மூன்றுக்கும் அந்த இறுக்கக் கட்டுதான் வேண்டும். 10 முதல் 15 செ.மீ. அகல க்ரேப் பேண்டேஜ், கடித்த இடத்தின் மேல் தொடங்கிக் கை அல்லது கால் முழுக்க. சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும், நாடி தெரியவேண்டும். மட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளைப் படுக்கவையுங்கள், நடக்கவிடாதீர்கள். மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம். ஆக்டோபஸ் கடியில் இதை மணிக்கணக்கில், நஞ்சு இறங்கும்வரை செய்யவேண்டி வரலாம். கண்மணி விரிந்து, கை காலில் அசைவில்லாமல், பிணம் மாதிரி இருப்பார். ஆனால் நினைவோடு இருப்பார், நீங்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். "போயிட்டாரு" என்று அவர் காதருகே சொல்லாதீர்கள். நிறுத்தாதீர்கள்.

பெட்டிச் சொறிக்கு (பாக்ஸ் ஜெல்லிமீனுக்கு) வினிகர், குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்றவேண்டும். தாய்லாந்தின் சமூய், பங்கன் தீவுக் கடற்கரைகளில் வினிகர் பாட்டில் வைத்த கம்பங்கள் நிற்பது அலங்காரத்துக்கு அல்ல. நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். சிறுநீர் ஊற்றலாமா என்று கேட்கவே கேட்காதீர்கள்.

போட்டில் ஏறுமுன் கேட்கவேண்டியவை வேறு. ஃப்ளாஸ்க்கில் சுடுநீர் இருக்கிறதா, வினிகர் இருக்கிறதா, க்ரேப் பேண்டேஜ் குறைந்தது மூன்று இருக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, செயற்கைச் சுவாசத்துக்கான முகமூடி எங்கே. "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்று பதில் வந்தால் வேறு போட் பாருங்கள்.

சக கைடுகளுக்கு ஒன்று. தயவுசெய்து குச்சியால் குத்தி வளையத்தை மின்னவைத்துக் காட்டாதீர்கள். பேத்தையை ஊதவைப்பதும் அஞ்சாளையை (மோரே விலாங்கை) தடவிக் காட்டுவதும் அதே ரகம். விருந்தினர் டிப்ஸ் தருவார், சரி. அடுத்த டைவில் உங்கள் குச்சி இல்லாமல் விரலால் அதையே செய்து பார்ப்பார். குச்சி தூரத்திலிருந்து சுட்டிக்காட்ட மட்டும்.

கரையேறியதும் பி.சி.டி. பாக்கெட்டைக் காலி செய்துவிடுங்கள். 'வெறும்' சங்குக்குள் சின்ன ஆக்டோபஸ் ஒளிந்திருக்கும், கூம்புச் சங்கு உயிரோடு இருக்கும், குழந்தையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் குளிக்கப் போவீர்கள். பவளத்துண்டாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.